தப்பும் செப்புக் குழலும்

பதுளையிலிருந்து கிழக்கே புறப்படும் பெருவீதி பசறையைக் கடந்து, தேயிலை மலைகளை வளைந்து வளைந்து சுற்றி லுணுகலையை அடைகிறது. அங்கிருந்து பிபிலையை நோக்கி இறங்கி, மட்டக்களப்பை அண்டிய செங்கலடியிற் சென்று முடிகிறது. சிங்கள மொழியில் லுணு என்பது உப்பு. கல என்பது பாறை. உப்புப் பாறை என்னும் இப்பெயருடைய சிற்றூரைச் சூழ்ந்து ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. மேற்கே பதுளைக்கும் பசறைக்கும் அருகே நிற்கிறது நமுனுகுலை. ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் அம்மலையின் உயரம் 2036 மீற்றர். பறவையின் வழியில் அளந்தால் பதுளைக்கும் லுணுகலைக்கும் இடையே தூரம் மிகுதியன்று. ஆனால் இடையே மலை நிற்கிறது. அதனால் ஓர் ஊரின் குரல் மற்றோர் ஊருக்கு எட்டுவது என்றைக்கும் எளிதாய் இருந்ததில்லை.

இம்மலைகளில் தமிழகத்துத் தொழிலாளர் வந்து குடியேறிய நாளில் செய்தியைச் சுமந்த கருவி தப்பு. விடியுமுன் தப்பொலி எழும், லயங்களில் விளக்கெரியும், ஆண்களும் பெண்களும் பிரட்டுக்களத்தில் வந்து கூடுவர். சாவுச் செய்தியும் தப்பின் வழியே மலைக்கு மலை தாவிற்று. காமன்கூத்து நாளில் மகிழ்ச்சிச் செய்தியும் அதன் வழியே சென்றது. தப்படிப்பவர் அடிக்குமுன் செய்யும் ஒரு செயலைப் பலரும் கண்டிருப்பர். சருகையோ வைக்கோலையோ கொளுத்தி, அத்தீயின் அருகே தப்பின் தோலைக் காட்டுவார், விரலாற் தட்டிப் பார்ப்பார், மறுபடி காட்டுவார். ஈரத்தில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகி, அதற்குரிய சுருதியை எய்திய பின்னரே கோலை எடுப்பார். மழைக் காலத்தில் இவ்வேலை இருமடங்காகும். வாடை மழை விடாது பொழியும் ஐப்பசி, கார்த்திகையிலேதான் மலைச்சரிவில் வாழ்வோருக்கு எச்சரிக்கை ஒலி மிகவும் வேண்டியதாகும். அந்நாளிலேதான் தோலும் அதிகமாய்த் தளரும். இந்த முரண்பாட்டை நினைவிற் கொள்ளல் நன்று. பின்னர் வரும் கருவிகளையும் இது விடுவதாயில்லை.

தப்பொலிக்கு வேறொரு குறையும் உண்டு. அது ஒரு திசையிலேயே சென்றது. துரையின் கட்டளை கணக்கப்பிள்ளைக்கும், அவர் சொல் கங்காணிக்கும், கங்காணியின் சொல் லயத்துக்கும் இறங்கி வந்தது. லயத்திலிருந்து மேலே ஏறிச் சென்ற சொல் மிகக் குறைவு.

வானொலி வந்தபோதும் முதலில் இவ்வாறே வந்தது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக 1921ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த எட்வேர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிறு அறையொன்றிலிருந்து இசைத்தட்டுகளைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புகளைக் கொண்டே அவருடைய செலுத்தி அமைக்கப்பட்டது என்பது நேயர்கள் பலரும் அறிந்த செய்தி. 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. பின்னாளில் லயங்களுக்குள் டிரான்சிஸ்டர் பெட்டி நுழைந்ததும், மாலை வேளையில் பாட்டும் செய்தியும் நாடகமும் மலைகளெங்கும் ஒலித்தன. பெற்ற இன்பம் பெரிது. ஆயினும் அங்கும் மக்கள் கேட்போராகவே இருந்தனர். அப்பெட்டி மறுமொழி வாங்கும் பெட்டியன்று.

இக்குறை மலைநாட்டுக்கு மாத்திரம் உரியதென்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் டிட்ரோயிட் நகரப் பொலிஸார் 1928இல் தம் மோட்டார் வண்டிகளில் வானொலி பொருத்தி உலகோர் கவனத்தைக் கவர்ந்தனர். அவ்வண்டிகளிலும் இருந்தது வாங்கி மட்டுமே. கட்டளை காதில் விழும். மறுமொழி கூற வேண்டுமாயின் வண்டியை நிறுத்தித் தொலைபேசியைத் தேடி ஓட வேண்டும். வண்டியிலிருந்தே பேசும் வசதி 1933இல் நியூ ஜேர்சி மாநிலத்து பெயோன் என்னும் ஊரில் வந்தது. அதே ஆண்டில் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் என்பார் இரைச்சலை வெல்லும் எப்.எம். முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1940இல் பேராசிரியர் டானியேல் நோபிள் அம்முறையைக் கொண்டு கனெக்டிகட் மாநிலப் பொலிஸாருக்கு இருவழிப் பேச்சு வலையொன்றை அமைத்துக் கொடுத்தார். இன்று பொலிஸாரும் அம்புலன்ஸ் ஊழியரும் இடுப்பிற் செருகிச் செல்லும் வோக்கி டோக்கி இந்த வழியில் வந்தது.

இக்கருவிகள் பயன்படுத்துவது வீ.எச்.எப். எனப்படும் மிகக் குறுகிய அலைகளை. ஓர் அலை விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்னும் கணக்கை விஞ்ஞான நூல்கள் மீடிறன் என்று கூறும். வீ.எச்.எப். அலைகளின் மீடிறன் 30 முதல் 300 மெகாஹேர்ட்ஸ் வரை. ஒரு மெகாஹேர்ட்ஸ் என்பது விநாடிக்குப் பத்து லட்சம் அதிர்வு. இவை ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்வழிச் செல்வன. சிற்றலை வானத்தின் அயன மண்டலத்தில் மோதித் திரும்பி மலையைத் தாண்டி விழும். இதற்கு அந்த வித்தை தெரியாது. மலை மறித்தால் நின்றுவிடும்.

ஆதலால் சமவெளியில் வேலை செய்யும் சிறு கருவி ஊவா மலைகளில் ஊமையாகிறது. இதற்குக் கண்ட பரிகாரமே ரிப்பீட்டர். உயர்ந்த சிகரமொன்றில் ஒரு நிலையம் அமைத்து, பள்ளத்தாக்கிலிருந்து வரும் மெல்லிய குரலை அங்கே வாங்கி, அதே கணத்தில் உரத்த குரலாக எங்கும் பரப்புவது இதன் தொழில். நமுனுகுலையின் உயரமுள்ள சிகரத்திலிருந்து வானொலிக்குத் தெரியும் அடிவானம், இடையே தடையில்லாவிடத்து, ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தொலைவில் இருக்கும். இரண்டு மலைக்கு அப்பாலுள்ள இருவர், தம் கையடக்கக் கருவியாற் பேசிக்கொள்ள இயலும். சொல்லக் கேட்கும்போது எளிதாகவே தோன்றும். வினை அதன் உள்ளே இருக்கிறது.

அவ்வினை யாதெனின், ரிப்பீட்டர் கேட்டுக்கொண்டே கத்த வேண்டும். உரக்கக் கத்துகின்ற ஒருவனின் காதில், ஊருக்கு அப்பால் ஒருவர் முணுமுணுப்பது விழ வேண்டும் என்பது போன்றது இது. அமெச்சூர் வானொலியாளர் பலநாடுகளிலும் கையாளும் ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். நிலையம் 145 மெகாஹேர்ட்ஸிற் கேட்பதாயின் 145.6இற் பேசும். இடைவெளி 0.6 மெகாஹேர்ட்ஸ், அதாவது நூற்றில் அரைப் பங்கும் இல்லை. பேசும் செலுத்தியின் வலு 25 வாற்று என்று கொள்வோம். தொலைவிலுள்ள கைக்கருவியிலிருந்து வந்து சேரும் வலுவையும் இதையும் ஒப்பிட்டால், ஒன்றின் பின் 16 பூச்சியங்கள் இட்டு எழுதும் அளவு வேறுபாடு வரும். இவை இரண்டும் பெரும்பாலும் ஒரே கம்பத்தின் ஒரே அன்ரெனாவில் இருக்கின்றன. தடுப்பொன்றும் இல்லையேல் தன் குரலே தன் செவியை அடைத்துவிடும். மெல்லிய குரல் வரும். நிலையம் விழித்துப் பேசத் தொடங்கும். தொடங்கிய கணமே செவிடாகும். செவிடானதால் பேச்சை நிறுத்தும். நிறுத்தியதும் மறுபடி குரல் கேட்கும். விக்கல் எடுத்தவனைப் போல் அது திக்கித் திக்கி நிற்கும்.

வேண்டிய அலையை மட்டும் ஏற்று வேண்டாததை விலக்கும் கலைக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. 1889ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஒலிவர் லொட்ஜ் இரண்டு லைடன் சாடிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றில் மின்பொறி பாயச் செய்து, மற்றதின் கம்பி வளையத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். இரண்டும் ஒரே அளவுக்கு இசைந்தபோது மட்டும் தொடாமலே இரண்டாவதிலும் பொறி பறந்தது. ஒரு வீணையின் தந்தியை மீட்ட, அதே சுருதியிலுள்ள அயல் தந்தி தானே அதிர்வது போன்ற இந்நிகழ்ச்சியை நம் விஞ்ஞான நூல்கள் பரிவு என்னும் அழகிய சொல்லால் வழங்குகின்றன. ஒத்த ஒன்றின் பொருட்டு மற்றொன்று நடுங்குவதற்கு இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பதரிது. 1897இல் லொட்ஜ் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1900இல் மார்க்கோனி தம் புகழ்பெற்ற 7777ஆம் இலக்கக் காப்புரிமையைப் பெற்றார். இருவர்க்கும் நேர்ந்த பிணக்கு, 1911இல் லொட்ஜின் உரிமையை மார்க்கோனி கம்பெனி விலைக்கு வாங்கியபோதே தீர்ந்தது.

சுருதி சேர்த்துவிட்டால் அயலார் குறுக்கிட முடியாதென்று மார்க்கோனி தரப்பினர் பெருமை பேசியதுண்டு. 1903 ஜூன் மாதம் லண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில் பேராசிரியர் பிளெமிங் இதனை நிரூபிக்கச் சபை கூட்டினார். கோர்ன்வாலிலிருந்து மார்க்கோனியின் செய்தி வரவேண்டிய வேளையில், கருவியோ எலிகள், எலிகள் என்று திரும்பத் திரும்பத் தட்டியது. தொடர்ந்து மார்க்கோனியை எள்ளும் பாட்டொன்றும் வந்தது. நெவில் மாஸ்கெலைன் என்னும் செப்படி வித்தைக்காரர் அயலிலிருந்து செய்த குறும்பு அது. பேராசிரியர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிச் சினந்தார். சினம் நியாயமானதேயாயினும் பாடம் மாஸ்கெலைன் பக்கமே இருந்தது: அருகிலுள்ள பெருங்குரலைச் சிறு சுருதிச் சேர்க்கை தடுத்துவிடாது.

அத்தகைய பெருங்குரலைத் தடுக்கவல்ல கருவி, கம்பிச் சுருளாலன்றி வெறும் வெளியால் ஆயது. 1930களின் பிற்பகுதியில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹான்சன், உள்ளே ஒன்றுமில்லாத செப்புப் பாத்திரத்தில் மின்காந்த அலையை அடைத்து, மிகச் சிறிய இழப்புடன் அதனை அதிரச் செய்யலாம் எனக் காட்டினார். குடத்தின் வாயில் ஊதினால் அதன் வயிற்றளவுக்கு ஏற்ற ஒரு சுருதியே எழுவதை ஒத்தது இது. 1940 பெப்ரவரியில் பேர்மிங்ஹாமில் ரண்டலும் பூட்டும் இயக்கிய மக்னெட்ரோன், இத்தகைய குழிகளைச் செப்புக் கட்டையிற் குடைந்தே றேடாருக்கு உயிர் கொடுத்தது. போர் முடிந்தபின் அவ்வறிவு ரிப்பீட்டருக்கும் வந்தது. 145 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீற்றருக்குச் சற்று மேல். அதன் காற்பங்கு ஏறக்குறைய 52 சென்ரிமீற்றர். அவ்வளவினும் சிறிது உயர்ந்த ஓர் உருண்டைக் குழல், நடுவே தொங்கும் ஒரு கோல், கோலின் நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் மேலே ஒரு திருகுத்தண்டு. கவிட்டி என்று பொறியியலாளர் அழைக்கும் பொருள் இதுதான். செம்பாலோ வெள்ளி பூசிய பித்தளையாலோ செய்வர். இத்தகைய குழல்கள், பொதுவாகச் செலுத்திக்கு மூன்றும் வாங்கிக்கு மூன்றுமாக, ஒரு சட்டகத்தில் வரிசையாய் நிற்கும். பார்ப்பவருக்குப் பால் சேகரிக்கும் நிலையத்து உயரமான பாற்கலன்களே நினைவுக்கு வரும்.

வாங்கிப் பக்கத்துக் குழல்கள் செலுத்தியின் பெருங்குரலை மறிக்கும். செலுத்திப் பக்கத்துக் குழல்களின் வேலை நுட்பமானது. எந்தச் செலுத்தியும் தன் மீடிறனில் மட்டும் பேசுவதில்லை. இரு மருங்கும் மெல்லிய இரைச்சலைச் சிந்தும். அவ்விரைச்சல் வாங்கி செவி வைத்திருக்கும் இடத்திலேயே விழுமாயின், வாங்கி எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. ஆகவே சிந்துமிடத்திலேயே அதனைத் துடைக்க வேண்டும். நன்கு இசைத்த குழல் வரிசை, இவ்விரு தொல்லைகளையும் பத்துக் கோடி முதல் நூறு கோடி மடங்கு வரை குறைக்கும். எஞ்சியதை வாங்கியின் உள்ளமைப்பு பார்த்துக்கொள்ளும்.

இத்தனை பாடுபட்டு மலையுச்சியில் ஒரு செவியை நிறுத்த வேண்டுமோ என்று கேட்பவர்க்கு இந்நாட்டு வரலாறே விடை தரும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தென்கரையையும் கிழக்கையும் வாரிச் சென்றபோது தொலைபேசி ஓய்ந்தது. அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே விக்டர் குணதிலகவும் இலங்கை வானொலிச் சங்கத்து நண்பர்களும் சிற்றலைக் கருவிகளால் தொடர்பை மீட்டனர். அதே வேளையில் அந்தமானின் போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார் தம் அமெச்சூர் நிலையத்தால் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பினார். அவை சிற்றலையின் வெற்றிகள். ஆயினும் சிற்றலைக்கு நீண்ட கம்பியும் பழகிய கையும் வேண்டும். சரிவிலே மண்வெட்டியுடன் நிற்பவன் கையில் இருக்கக்கூடியது சிறு கருவியே. அதற்கு மலையுச்சியின் துணை வேண்டும்.

பத்தாண்டு கழித்து, 2014 அக்டோபர் 29ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்தின் தென்பகுதியில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் குடிபெயரவில்லை; குடிபெயர்வதற்கு மாற்று நிலமும் வீடும் அவர்க்குக் கிடைத்திருக்கவில்லை. ஆகவே மீரியபெத்தையில் வானொலி இருந்திருந்தால் எல்லாம் நலமாயிருக்கும் என்று கூறுவது நேர்மையாகாது. எச்சரிக்கை மேலிருந்து கீழே வந்துதான் இருந்தது. கீழிருந்து மேலே சென்றிருக்க வேண்டிய சொல்லுக்கே வழி குறைவாய் இருந்தது: விரிசல் கண்டோம், ஊற்று கலங்குகிறது, இன்றிரவு எங்கே போவது என்னும் சொல். தப்பின் காலந்தொட்டு வந்த குறையே அது. கருவி அக்குறை முழுவதையும் தீர்க்காது. ஆனால் மழையில் வீதி அறுந்து, தொலைபேசிக் கோபுரமும் மின்சாரமின்றி நின்றுவிட்ட இரவில், அச்சொல் மலையைத் தாண்டுவதற்கு வேறு வழியும் இல்லை.

இனிக் குழல்களைச் சுருதி சேர்க்கும் வேலைக்கு வருவோம். தொழிற்சாலையிற் சேர்த்துப் பெட்டியிலடைத்து அனுப்பினாலும், தோட்டத்து வீதியிற் குலுங்கி ஏறிய வண்டியில் சுருதி கலைந்து போகலாம். எனவே உச்சியில் மறுபடி பார்த்தாக வேண்டும். அளவறிந்த மெல்லிய சமிக்ஞையை ஒரு முனையிற் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு வருகிறதென்று அளவுகருவியில் நோக்குவர். முதலில் திருகுத்தண்டைச் சுழற்றி, வேண்டிய மீடிறன் தடையின்றிப் போகும் இடத்தைக் காண்பர். பின்னர் பக்கத்துச் சிறு கொள்ளளவியைத் திருப்பி, வேண்டாத மீடிறன் பள்ளத்தில் விழுவது போல் மறையும் இடத்தைத் தேடுவர். ஒன்றைத் திருத்தினால் மற்றது சற்று நகரும். மீண்டும் முதலதற்குத் திரும்புவர். ஒவ்வொரு குழலையும் தனித்தனியே இசைத்தபின் இணைப்பர். இணைக்கும் கேபிளின் நீளமும் கணக்கிட்டதே. கைக்கு அகப்பட்ட துண்டை மாட்டினால் இசைத்ததெல்லாம் வீண். இறுதியிற் பூட்டுச்சுரையை இறுக்கும்போது கோல் மயிரிழை அசையும். அந்த மயிரிழையை முன்னறிந்து அதற்கு விட்டுக்கொடுத்து இறுக்குவதே கைத்திறம்; அது புத்தகத்தால் வருவதன்று.

இறுக்கிய பின்னரும் ஓர் எதிரி உண்டு. அது சூடு. குழல்களின் வழியே போகும் வலுவில் நூற்றில் முப்பது பங்கு வரை உள்ளேயே சூடாகக் கரைந்துவிடலாம். தகரக் கூரையின் கீழ் நண்பகற் புழுக்கமும் உச்சியின் இரவுக் குளிரும் மாறி மாறி வரும். செப்புக் கோலொன்று 20 பாகை சூடேறினால் அதன் நீளம் மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பெருக்கம் சுருதியை ஏறக்குறைய 50 கிலோஹேர்ட்ஸ் விலக்கிவிடும். ஆழ்ந்து குறுகிய பள்ளத்தில் மறைந்திருக்க வேண்டிய குரல் கரையேறிவிடும். இதற்கு மருந்து கண்டவர் வானொலியையே நினையாத ஒருவர். சுவிட்சர்லாந்திற் பிறந்த சார்ள்ஸ் எடுவார்ட் கியோம், அளவுகோல்களுக்கு மலிவான உலோகம் தேடியபோது, நிக்கலும் இரும்பும் குறிப்பிட்ட விகிதத்திற் கலந்தால் சூட்டில் ஏறக்குறைய வளராத உலோகம் கிடைப்பதை 1896இற் கண்டார். இன்வார் என்னும் அவ்வுலோகத்தின் வளர்ச்சி செம்பின் வளர்ச்சியில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. 1920இல் அவருக்கு பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. குழலின் நடுக்கோலைத் தாங்கும் தண்டை இன்வாராற் செய்வதனாலேயே மலையுச்சி நிலையங்கள் ஆண்டுக்கணக்கில் சுருதி கெடாமல் நிற்கின்றன. தப்பின் தோல் சூட்டிலே சுருதி சேர்ந்தது. செப்புக் குழல் சூட்டிலே சுருதி இழக்கிறது. ஈரம் இரண்டுக்குமே பகை. குழலின் மூட்டுகளிற் பசுங்களிம்பு பிடித்தால் வாடை மழையின் முதல் வாரத்திலேயே அதன் செவி மந்தமாகும்.

எல்லாம் முடிந்தபின் செய்யும் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒருவர் கைக்கருவியுடன் தொலைவான பள்ளத்தாக்கிலே, குரல் அரிதாய் எட்டும் ஓரிடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பார். உச்சியில் இருப்பவர் செலுத்தியை நிறுத்திவைத்து அக்குரலைக் கேட்பார். பின்னர் செலுத்தியை இயக்கிவிட்டுக் கேட்பார். இரு முறையும் குரல் ஒரே தெளிவுடன் இருந்தால் அறையைப் பூட்டிக்கொண்டு மலையிறங்குவர். செலுத்தி இயங்கும்போது குரல் சிறிதேனும் மங்கினால், பூட்டுச்சுரைகளைத் தளர்த்தி முதற் குழலிலிருந்து மறுபடி தொடங்குவர்.